நீலமும் நிக்கலும்: பழைய அமெரிக்க ரிவால்வர்களின் மேற்பூச்சும் மதிப்பும்

பழைய அமெரிக்க ரிவால்வர்களைச் சேகரிப்போரிடையே நெடுநாளாக வழங்கிவரும் தரப்பட்டியல் ஒன்றில், துறைக்குப் புதியவரைத் திகைக்கவைக்கும் வரிசைமுறை ஒன்று உண்டு. அமெரிக்கத் தேசிய ரைஃபிள் சங்கம் தொன்மைத் துப்பாக்கிகளுக்கென வகுத்த அப்பட்டியலின்படி, உறுப்புகள் அனைத்தும் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டவையாகவே இருந்து, விளிம்புகள் கூர்மை குன்றாமலும் பொறித்த எழுத்துகள் தெளிவாகவும் இருக்குமானால், மேற்பூச்சு முழுவதும் தேய்ந்து வெற்று இரும்பாகச் சாம்பல் நிறத்தில் நிற்கும் துப்பாக்கிக்கும் 'மிக நன்று' என்ற தரம் கிடைக்கிறது. பின்னாளில் எவரோ மெருகிட்டுப் புதிதாக நீலமேற்றிய துப்பாக்கியோ, கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு இருந்தாலும், ஒரு படி இறங்கி 'நன்று' என்ற தரத்தையே பெறுகிறது. பளபளப்பு மதிப்பைக் கூட்டும் என்பது சந்தையின் பொது இயல்பாக இருக்க, இந்த ஒரு சந்தையில் அது மதிப்பைக் குறைப்பது ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, அந்தப் பூச்சுகள் எப்படி இடப்பட்டன, யாரால், எந்த ஆண்டுகளில் இடப்பட்டன என்ற தொழில் வரலாற்றுக்குள் செல்ல வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றின் பெரும்பகுதி கனெக்டிகட் ஆற்றங்கரையில், ஏறத்தாழ 40 கிலோமீட்டர் இடைவெளியில் அமைந்த ஹார்ட்ஃபோர்ட், ஸ்பிரிங்ஃபீல்ட் என்னும் இரண்டு ஊர்களில் நிகழ்ந்தது. 1814இல் ஹார்ட்ஃபோர்ட்டில் பிறந்த சாமுவேல் கோல்ட், சுழலும் தோட்டா உருளை கொண்ட கைத்துப்பாக்கிக்கு 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று, நியூ ஜெர்சி மாநிலத்துப் பேட்டர்சனில் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1842இல் நொடித்துப்போனது. 1847இல் டெக்சாஸ் படைவீரர் சாமுவேல் வாக்கரின் யோசனைகளை ஏற்று வடிவமைத்த பெரிய ரிவால்வரைத் தமக்கெனத் தொழிற்சாலை இல்லாத நிலையில் இளைய எலை விட்னியின் பட்டறையில் செய்வித்து, ஏறத்தாழ 1,100 துப்பாக்கிகளை முடித்த பிறகே அவர் மீண்டும் தலைதூக்கினார். 1855இல் ஹார்ட்ஃபோர்ட்டில் அவருடைய பெருந்தொழிற்சாலை எழுந்தது. ஆற்றின் மேற்பகுதியில், ஸ்பிரிங்ஃபீல்டில், ஹொரேஸ் ஸ்மித்தும் டேனியல் வெஸ்ஸனும் உலோகத் தோட்டாவைப் பின்புறமிருந்தே நுழைக்கும் தங்கள் முதல் ரிவால்வரை 1857இல் வெளியிட்டார்கள்.

இவ்விரு நிறுவனங்களும் துப்பாக்கியின் மேற்பரப்பை முடிக்கும் வேலையைத் தனிக் கலையாகவே நடத்தின. நீலமேற்றுதல் என்பது சாயம் பூசுவதோ வண்ணம் தீட்டுவதோ அன்று. நன்கு மெருகிட்ட இரும்பைக் கரி நிரம்பிய உலையில் பக்குவமான சூட்டில் வைத்து எடுத்துத் துடைத்து மறுபடியும் வைக்க, இரும்பின் மேல்தோலே மெல்லிய ஆக்சைடு படலமாக மாறி ஆழ்ந்த நீலமாகத் தோன்றுவதுதான் நீலமேற்றுதல். ஆகவே நீலத்தின் அழகு உலையில் பிறப்பதைவிட, அதற்கு முன் தோல் போர்த்திய சக்கரங்களில் குருந்தப்பொடி ஒட்டிப் படிப்படியாக மெருகிட்ட தொழிலாளியின் கைத்திறத்தில்தான் பெரிதும் பிறந்தது. தட்டையான பரப்பைத் தட்டையாகவும், விளிம்பை விளிம்பாகவும் காத்துக்கொண்டே சக்கரத்தில் பிடிக்கத் தெரிந்தவர் ஆண்டுக்கணக்கில் பயின்றவர். பிற்காலத்து மெருகீட்டாளர்களில் பெரும்பாலோர்க்கு வாய்க்காமல் போனதும் அந்தக் கைத்திறம்தான்.

நீலத்தோடு நின்றுவிடவில்லை. 1873இல் கோல்ட் நிறுவனம் வெளியிட்ட சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி என்னும் ரிவால்வரின் சட்டகம், அதாவது குழலையும் உருளையையும் கைப்பிடியையும் தாங்கிநிற்கும் நடு உடல், வேறொரு முறையில் முடிக்கப்பட்டது. எலும்புக்கரியும் தோல்கரியும் திணித்த இரும்புப் பெட்டிக்குள் சட்டகத்தை அடைத்துச் செந்தணலாகக் காய்ச்சித் திடீரென நீரில் கொட்டும்போது, கரி இரும்பின் மேல்தோலில் ஊறி அதை வைரம் பாயச் செய்வதோடு, நீலம், பழுப்பு, வைக்கோல் மஞ்சள், சாம்பல் என்று நீர்மேல் மிதக்கும் எண்ணெய்போன்ற திட்டுத்திட்டான நிறங்களையும் விட்டுச்செல்கிறது. இது மேல்தோல் கடினமாக்கல் எனப்படும். ஒரு சட்டகத்தில் விழுந்த கோலம் இன்னொன்றில் விழுவதில்லை. இந்த நிறங்கள் வெயிலுக்கும் கைவியர்வைக்கும் எளிதில் வெளுத்துவிடுபவை என்பதால், நூற்றைம்பது ஆண்டு கடந்த துப்பாக்கியில் சுத்தியலின் இடுக்கிலும் கைப்பிடிக்கு அடியிலும் மட்டுமே அவை தங்கியிருக்கக் காணலாம். திருகாணிகளோ உருகிய உப்பில் தோய்த்தெடுக்கப்பட்டு மயில்கழுத்து நிறம் பெற்றன. ஒரே துப்பாக்கியில் குழலுக்கு ஒன்று, சட்டகத்துக்கு ஒன்று, திருகாணிக்கு ஒன்று என மூன்று முடிப்புகள் இருந்தன என்பதை மனத்தில் கொண்டால்தான், எல்லாவற்றையும் ஒரே நீலத்திலோ ஒரே வெள்ளை முலாமிலோ மூழ்கடிக்கும் பிற்கால வேலை எவ்வளவு செய்தியை அழிக்கிறது என்பது புலப்படும்.

முலாமின் கதை இதற்கு இணையாக ஓடுகிறது. மின்சாரத்தின் துணையால் ஓர் உலோகத்தின் மேல் இன்னோர் உலோகத்தைப் படியவைக்கும் முறைக்கு இங்கிலாந்தின் பர்மிங்காமைச் சேர்ந்த எல்கிங்டன் குடும்பத்தார் 1840இல் காப்புரிமை பெற்றனர். அது முதலில் வெள்ளிக்கும் தங்கத்துக்குமே பயன்பட்டது. கோல்ட் நிறுவனத்தின் 1849ஆம் ஆண்டு சட்டைப்பை ரிவால்வரிலும் 1851ஆம் ஆண்டு நேவி ரிவால்வரிலும் பித்தளையாலான கைப்பிடிப் பட்டைகளுக்கும் விசைக்காப்புக்கும் வெள்ளி முலாம் இடப்பட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் ரிவால்வரிலும் பித்தளைச் சட்டகத்துக்கு வெள்ளி, இரும்புக் குழலுக்கு நீலம் என்பதே வழக்கமான அமைப்பு. வெள்ளி மெத்தென்ற உலோகம்; கைபட்டுக் கைபட்டு அது கரைந்துபோக, அடியிலிருந்த பித்தளை தேன்நிறத்தில் வெளிப்படும். அந்தத் தேன்நிறத்தைக் கண்டு இது பித்தளையாகவே விற்கப்பட்டது என்று பலர் எண்ணிவிட, பட்டைகளின் மூலையிலும் விசைக்காப்பின் உள்வளைவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் கறுத்த வெள்ளித் துணுக்குகள்தான் உண்மையைச் சொல்கின்றன. அந்தக் கறுப்பை அழுக்கென்று கருதித் தேய்த்தெடுத்த கைகள் ஏராளம்.

நிக்கல் இதற்குப் பிறகு வந்தது. நிக்கலை உறுதியாகவும் சீராகவும் படியவைக்கும் கரைசலுக்குப் பாஸ்டனைச் சேர்ந்த ஐசக் ஆடம்ஸ் 1869இல் காப்புரிமை பெற்ற பிறகே அது வணிக அளவில் பரவியது. அதன் நன்மை துப்பாக்கிக்கு உடனடியாகத் தெரிந்தது. அக்காலத்துக் கரும்வெடிமருந்து எரிந்தபின் விட்டுச்செல்லும் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை வளர்ப்பது. நீலப்படலம் அதற்கு வலுவான தடையாக இல்லை. நிக்கல் முலாம் ஈரத்தையும் வியர்வையையும் தாங்கியது. துடைத்தால் மீண்டும் மின்னியது. 1870களில் தொடங்கி அமெரிக்கத் தொழிற்சாலைகள் நீலத்துக்கு மாற்றாக நிக்கலையும் வாங்குவோர் விருப்பத்துக்கு வழங்கின. மலிவான சிறு ரிவால்வர்களில் நீலத்தைவிட நிக்கலே மிகுந்து காணப்படுகிறது. நிக்கல் முலாம் கண்ட மாத்திரத்தில் அதைப் பிற்காலப் போலிமெருகு என்று ஒதுக்குவோர் இந்த வரலாற்றை அறியாதவர்கள். தொழிற்சாலையிலேயே நிக்கல் பெற்ற துப்பாக்கி, நீலம் பெற்ற அதன் உடன்பிறப்புக்குச் சற்றும் குறைந்ததன்று.

ஆகவே கேள்வி 'முலாம் உண்டா' என்பதில் இல்லை. முலாமின் வயதும் துப்பாக்கியின் வயதும் ஒன்றுதானா என்பதில்தான் இருக்கிறது. 1869 என்ற ஆண்டு இங்கே பெரிய எல்லைக்கல். ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் ரிவால்வரின் தொடக்கப் பதிப்பு 1857க்கும் 1860க்கும் இடையே செய்யப்பட்டது. அதன் சட்டகமும் குழலும் உருளையும் நிக்கலால் மூடப்பட்டிருந்தால், வேறெந்த ஆராய்ச்சியும் தேவைப்படாமல், ஒன்பது ஆண்டுகளேனும் கழித்து வேறொரு கை அதைத் தொட்டிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால், 1860களில் தோட்டாவுக்குப் பதில் வெடிமருந்தும் குண்டும் தனித்தனியே இட்டுச் சுடுவதற்கெனச் செய்யப்பட்ட கோல்ட் ஆர்மி ரிவால்வரின் வகையில் நிக்கல் இருந்தால் அவ்வளவு விரைவாகத் தீர்ப்புக் கூற இயலாது. பின்புறமிருந்து தோட்டா இடும் முறைக்கு ரோலின் வைட் பெற்றிருந்த காப்புரிமை 1869இல் முடிந்தபின், சார்லஸ் ரிச்சர்ட்ஸ் 1871இல் காப்புரிமை பெற்ற முறைப்படி கோல்ட் நிறுவனமே பழைய வகை உறுப்புகளைத் தோட்டா ரிவால்வர்களாக மாற்றி விற்றது. அப்படி மாற்றியவற்றில் சிலவற்றுக்குத் தொழிற்சாலையே நிக்கலும் இட்டது. வடிவம் 1860களுடையது, முலாம் 1870களுடையது, இரண்டும் ஒரே தொழிற்சாலையின் நேர்மையான வேலை. இதற்கு மறுமுனையில், குரோமிய முலாம் வணிக வழக்குக்கு வந்தது 1920களில்தான் என்பதால், 1870களின் ரிவால்வரில் குரோமியம் மின்னினால் அதன் கதை ஒரு நொடியில் முடிந்துவிடும். நிக்கலின் வெண்மையில் மங்கலான மஞ்சள் சாயலும், குரோமியத்தின் வெண்மையில் குளிர்ந்த நீலச் சாயலும் இருப்பதைப் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தவர் மறப்பதில்லை.

துப்பாக்கிகளுக்கு மறுபூச்சு இட்டவர்களைக் குற்றவாளிகளாகக் காண்பது நியாயமாகாது. அவர்கள் கையில் இருந்தபோது அது தொல்பொருளாக இருக்கவில்லை. வண்டியிலும் பண்ணையிலும் கடைக்கல்லாவிலும் கிடந்து துருப்பிடித்த ஒரு கருவிக்கு, பித்தளைக் குடத்துக்கு ஈயம் பூசக் கொடுப்பதுபோல, ஊரிலிருந்த முலாம் பட்டறையில் புதுமெருகு வாங்கினார்கள். வணிகர்களும் அதையே செய்தார்கள். இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஸ்கோஃபீல்ட் ரிவால்வர். குதிரைப்படை அதிகாரி ஜார்ஜ் ஸ்கோஃபீல்ட் திருத்தியமைத்த தாழ்ப்பாளோடு 1875 முதல் ஏறத்தாழ 9,000 மட்டுமே செய்யப்பட்டு, பெரும்பாலும் அரசு வாங்கிய இந்தத் துப்பாக்கிகள், சில ஆண்டுகளிலேயே படையிலிருந்து கழிக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தன. அவற்றை வாங்கிய வணிகர்கள் 7 அங்குலக் குழலை 5 அங்குலமாக வெட்டி, பலவற்றுக்கு நிக்கல் முலாமும் இட்டு விற்றார்கள். வெல்ஸ் ஃபார்கோ என்னும் அஞ்சல்வண்டி நிறுவனமும் தன் பணப்பெட்டிக் காவலருக்காக அவற்றை வாங்கித் தன் பெயரின் முதலெழுத்துகளைப் பொறித்துக்கொண்டது. வெட்டப்பட்ட குழல், அரசு அளித்த நீலத்தின் இழப்பு எனப் பார்த்தால் இது சிதைந்த துப்பாக்கி. மேற்கு அமெரிக்காவின் பணப்போக்குவரத்து வரலாறு எனப் பார்த்தால், அந்த வெட்டுத்தான் இதன் பெருமை. அந்த எழுத்துகளுக்குச் சந்தையில் கிடைத்த கூடுதல் விலையைக் கண்டு, சாதாரணமாக வெட்டிய துப்பாக்கிகளில் அவற்றைப் புதிதாகப் பொறித்தவர்களும் தோன்றினார்கள் என்பதால், அந்தச் சிறு எழுத்துகளே இன்று மிகுந்த ஐயத்தோடு ஆராயப்படுகின்றன.

ஒரு முலாமிட்ட ரிவால்வரைத் தேர்ந்த சேகரிப்பாளர் கையில் எடுக்கும்போது அவர் பார்வை முதலில் பளபளப்பான பரப்புக்குச் செல்வதில்லை. திருகாணித் துளைகளின் வாய்க்குச் செல்கிறது. மெத்தென்ற துணிச்சக்கரத்தில் சட்டகத்தை வைத்து அழுத்தி மெருகிடும்போது, துளையின் ஓரத்தில் சக்கரம் சற்றே உள்வாங்கி இறங்கும். அதனால் துளையைச் சுற்றித் தட்டுபோன்ற மிகச் சிறிய பள்ளம் உண்டாகி, திருகாணியின் தலை சட்டகத்தோடு மட்டமாக நிற்காமல் குளத்து நடுவிலிருக்கும் மண்டபம்போலத் தனித்து நிற்கும். துப்பாக்கியை விளக்குக்கு எதிரே சாய்த்து, பரப்பில் விழும் ஒளிக்கோட்டைப் பின்தொடர்ந்தால், மூலப்பரப்பில் அது நேராக ஓடும். மறுமெருகு பெற்ற பரப்பில் துளையை அணுகும்போது வளைந்து நெளியும். அடுத்து குழலின் மேலுள்ள முகவரி எழுத்துகள். ஹார்ட்ஃபோர்ட் என்ற பெயரின் ஒவ்வோர் எழுத்தும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டிய இடத்தில், நடுவெழுத்துகள் தெளிவாகவும் ஓரத்தெழுத்துகள் மங்கலாகவும் இருந்தால், உலோகம் சக்கரத்தில் போயிருக்கிறது. உருளையின் முன்விளிம்பு, சட்டகத்தின் மேற்பட்டையின் கோணம், எட்டுப்பட்டைக் குழலின் வரம்புகள் ஆகியவை கத்திமுனைபோல் இல்லாமல் சோப்புக்கட்டியின் ஓரம்போல் உருண்டிருந்தாலும் அதே முடிவுதான்.

அதன் பிறகு துருக்குழிகள். முலாம் உரிந்த இடத்தில் இரும்பு துருப்பிடித்துக் குழியானால், முலாமின் கிழிந்த விளிம்பு குழியைச் சுற்றி நிற்கும். குழியின் அடிவரை முலாம் இறங்கிப் படிந்திருந்தால், துரு முந்தியது, முலாம் பிந்தியது. வேறெந்த ஆவணமும் இல்லாமல் காலவரிசையைத் தானே சொல்லும் சான்று இது. உறுப்புகளின் வழக்கமும் துணைநிற்கிறது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் நிக்கல் துப்பாக்கிகளிலும் சுத்தியலையும் விசையையும் திட்டுநிறக் கடினமாக்கலிலேயே விட்டது. குழல் முன்னோக்கி மடிந்து திறக்கும் சிறு ரிவால்வர்களில் விசைக்காப்பையும் நீலமாகவே வைத்தது. வெள்ளை உடலுக்குள் இந்த நிறவேறுபாடு இருப்பதே தொழிற்சாலையின் கைச்சாத்து. பிற்காலப் பட்டறைக்காரர் இந்த நுணுக்கத்தைப் பொருட்படுத்தாமல் சுத்தியல், விசை, விசைக்காப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி முலாம் தொட்டியில் இறக்கியதால், எங்கும் ஒரே வெள்ளையாக இருக்கும் துப்பாக்கி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது.

1851ஆம் ஆண்டு நேவி ரிவால்வரின் உருளையில் இழப்பு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. நோட்டு அச்சுக்கலைஞரான வாட்டர்மன் ஆம்ஸ்பி எஃகு உருளையில் செதுக்கிய அச்சைத் துப்பாக்கியின் உருளைமேல் அழுத்தி உருட்டி, ஒரு கடற்போர்க் காட்சியைப் பதித்தார்கள். டெக்சாஸ் குடியரசின் சிறு கடற்படை மெக்சிகோவின் கப்பல்களோடு கம்பெச்சே கடற்பகுதியில் மோதிய நிகழ்ச்சி அது. 1843 மே 16 என்ற நாளும் உருளையின் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கிறது. பாய் விரித்த கப்பல்கள், அவற்றிலிருந்து எழும் புகை, கயிறுகள், அலைகள் என மயிரிழைக் கோடுகளாக அமைந்த அந்தக் காட்சியின் ஆழம் மிக மிகச் சொற்பம். தோலுறையில் செருகி எடுக்கும் உராய்விலேயே பாதி மறைந்துவிடும் அக்கோடுகளை, மெருகுச் சக்கரம் ஒருமுறை தொட்டாலே போதும், மீளாதபடி துடைத்துவிடும்; அதன்மேல் நிக்கலும் படிந்தால் எஞ்சிய கோடுகளும் நிரம்பிப்போகும். ஒரு நேவி ரிவால்வரின் விலையைப் பேசும்போது 'காட்சி எவ்வளவு நிற்கிறது' என்பதே சேகரிப்பாளர்களின் முதற்கேள்வியாக இருப்பதன் காரணம் இதுவே. முழுவதும் பழுப்பேறிய உருளையில் கப்பல்களின் கயிறுகூடத் தெரிவதைக் கண்டபின், வெள்ளிபோல் மின்னும் வெற்று உருளையைக் காண்பது துயரமான அனுபவம். மெருகிட்டவர் அங்கே அழித்தது ஒரு கலைஞரின் ஓவியத்தை.

எழுத்து ஆவணங்கள் கண்ணின் சாட்சியத்தைத் தாங்குகின்றன. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் பல ரிவால்வர்களில் நிக்கலுக்கெனத் தேர்ந்த உறுப்புகளில் ஆங்கில 'என்' எழுத்தையும், நீலத்துக்கெனத் தேர்ந்தவற்றில் 'பி' எழுத்தையும் பொறித்தது. பழுதுபார்க்கவோ மறுபூச்சுக்கோ தொழிற்சாலைக்கே திரும்பிவந்த துப்பாக்கிகளில், வரிசை எண்ணுக்கு அருகே ஒரு நட்சத்திரத்தையும், கைப்பிடிப் பலகைக்கு அடியில் வேலை முடிந்த மாதத்தையும் ஆண்டையும் பதிப்பதும் அதன் வழக்கமாக இருந்தது. கோல்ட் நிறுவனத்தின் விற்பனைப் பேரேடுகளிலிருந்து, கட்டணம் செலுத்திக் கேட்போருக்கு, குறித்த வரிசை எண்ணுள்ள துப்பாக்கி எந்த நாளில், எந்த வணிகருக்கு, எந்தக் குழல் நீளத்தோடு, எந்தப் பூச்சோடு அனுப்பப்பட்டது என்று சான்றுக்கடிதம் வழங்கப்படுகிறது. பேரேடு நீலம் என்று சொல்லி, துப்பாக்கி நிக்கலாக இருந்தால் வழக்கு முடிந்தது. பேரேடும் நிக்கல் என்று சொன்னால் பாதிதான் முடிந்தது. ஏனெனில் மூல நிக்கல் உரிந்தபின் அதே நிக்கலை மீண்டும் இட்டிருக்கலாம், அதைக் கடிதம் அறியாது, திருகாணித் துளை அறியும்.

தொழிற்சாலையின் ஆவணத்தோடு பொருந்தும் முலாமுக்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் 1916இல் டெக்சாஸின் எல் பாசோவில் வாங்கிய சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வர். கொடிவேலை செதுக்கி, வெள்ளி முலாமிட்டு, தந்தக் கைப்பிடி பொருத்தி வந்த துப்பாக்கி அது. அங்கே வெள்ளி அதன் பிறவித்தோல்.

சேகரிப்பு ஒழுங்கான துறையாக வளர்ந்தது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். ஜான் பார்சன்ஸ் 1950இலும் ஜேம்ஸ் செர்வென் 1954இலும் வெளியிட்ட கோல்ட் வரலாற்று நூல்கள், எந்த எண்ணில் எந்த மாற்றம் நிகழ்ந்தது என்பதை வரிசைப்படுத்தின. 1977இல் நார்ம் ஃப்ளேடர்மன் வெளியிட்ட வழிகாட்டி நூல் ஒவ்வொரு வகைக்கும் நிலைக்கேற்ற விலையைப் பக்கத்தில் வைத்தது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898ஆம் ஆண்டு முடியச் செய்யப்பட்டவற்றைத் தொன்மைப் பொருள் எனப் பிரித்து நடுவண் கட்டுப்பாடுகள் பெரும்பாலானவற்றிலிருந்து விலக்கியதும் பழைய ரிவால்வர்களுக்குத் தனிச் சந்தையை உருவாக்கியது. இந்த நூல்கள் வருவதற்கு முன், பழைய துப்பாக்கி கிடைத்தால் முதல் வேலையாகத் தேய்த்து மினுக்குவதைப் பராமரிப்பு என்றே பலர் கருதினார்கள். நூல்கள் வந்தபின் எஞ்சிய மூலப்பூச்சை நூற்றுக்கு இத்தனை என்று கணக்கிடும் பழக்கம் வேரூன்றியது. முப்பது விழுக்காட்டுக்கும் ஐம்பது விழுக்காட்டுக்கும் இடையே விலை பெரிதும் ஏறுவதும், மறுபூச்சுப் பெற்றதைப் பூச்சு தேய்ந்த அதே வகையின் விலையில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ மதிப்பதும் அப்பழக்கத்தின் விளைவுகள்.

உச்ச விலைகள் எங்கே நிற்கின்றன என்பதைப் பார்த்தால் இந்த மதிப்பீட்டின் இரு தூண்களும் தெரியும். தன் பெட்டியோடு எஞ்சிய ஒரு வாக்கர் ரிவால்வர் 2018இல் 18.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அங்கே விலைபெற்றது அரிய வகையும் தொடப்படாத நிலையும். பில்லி தி கிட் என்ற கொள்ளையனை ஷெரிஃப் பேட் கேரட் 1881இல் சுட்ட சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி, 2021இல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அங்கே விலைபெற்றது வரலாறு. இவ்விரண்டில் எதுவும் இல்லாத சாதாரணத் துப்பாக்கிக்கு, ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டுப் பெயரில்லாதோர் கைகளில் புழங்கிய ஒன்றுக்கு, மேற்பூச்சு ஒன்றே பேசும் வாய். அதை இழந்தால் அது ஊமையாகிவிடுகிறது. மிகவும் சிதைந்துபோன துப்பாக்கியைக் கரியுலையும் எலும்புக்கரியும் கொண்டு பழைய முறையிலேயே புதுப்பிக்கும் திறமையான பட்டறைகள் இன்று அமெரிக்காவில் உள்ளன. அவர்கள் வேலை அழகானது, குழிந்து அழுகிய துப்பாக்கிக்கு அது ஒரு மறுவாழ்வும்கூட. ஆனால், அந்த வேலை எவ்வளவு சிறக்கிறதோ அவ்வளவுக்கு அதை வெளிப்படையாகக் குறித்துவைக்கும் கடமையும் கூடுகிறது; புதுப்பித்தவர் சொன்னது மூன்று கைகள் மாறியபின் மறைந்து, நான்காவது கையில் அது 'மூலப்பூச்சு' என்ற பெயரில் விற்கப்படும்போது ஏமாறுபவர் வாங்குபவர் மட்டுமல்லர், அத்துப்பாக்கியைச் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதப்போகும் அனைவரும்தான்.

மறுபூச்சே மூலமாகிவிட்ட ஒரு வகையும் உண்டு. அமெரிக்க அரசு 1873 ஜூலையில் 8,000 சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி ரிவால்வர்களுக்கு முதல் ஒப்பந்தம் இட்டு, 1891வரை ஏறத்தாழ 37,000 வாங்கியது. குதிரைப்படைக்கு வந்த அவற்றின் குழல் ஏழரை அங்குலம். ஓர்வில் ஐன்ஸ்வொர்த் போன்ற அரசுச் சோதனையாளர்கள் ஒவ்வொன்றையும் ஆய்ந்து, வால்நட் மரக் கைப்பிடியில் தங்கள் பெயரின் முதலெழுத்துகளை நீள்வட்ட முத்திரையாகப் பதித்தார்கள். 1892இல் .38 அளவுள்ள புதிய ரிவால்வர் வந்து இவை கிடங்குக்குள் போயின. 1895க்கும் 1903க்கும் இடையே, முதலில் சிறு தொகுதியாக ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதசாலையிலும் பின்பு பெருந்தொகையாகக் கோல்ட் தொழிற்சாலையிலும், ஆயிரக்கணக்கானவை வெளியே எடுக்கப்பட்டு, குழல் ஐந்தரை அங்குலமாக வெட்டப்பட்டு, மெருகிட்டு மறுபூச்சுப் பெற்றுப் படைக்குத் திரும்பின. பிலிப்பைன்ஸ் போரில் .38 ரிவால்வரின் ஆற்றல் போதவில்லை என்ற முறையீடு எழுந்தபோது கைகொடுத்தவை இவைதான். ஆர்டிலரி மாடல் என்று சேகரிப்பாளர்கள் இவற்றை அழைக்கிறார்கள்.

கோல்ட் தொழிற்சாலையில் அவற்றைக் கழற்றியபோது எந்தக் குழல் எந்தச் சட்டகத்தினுடையது என்று எவரும் கவலைப்படவில்லை. குழல்கள் ஒரு குவியலாகவும் உருளைகள் ஒரு குவியலாகவும் மெருகுக்குப் போய், கைக்கு அகப்பட்டபடி மறுபடி இணைக்கப்பட்டன. இன்று அப்படிப்பட்ட ஒரு துப்பாக்கியை ஆராய்பவர் திருகாணிகளைக் கழற்றி, சட்டகத்தின் எண், விசைக்காப்பின் எண், பின்பட்டையின் எண், உருளையின் எண், குழலின் எண் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுகிறார். சட்டகம் 1874இல் பிறந்தது, குழல் 1880களில் பிறந்தது, உருளை வேறொரு குதிரைப்படைப் பிரிவோடு சமவெளிகளில் திரிந்தது என்று எண்கள் சொல்கின்றன. வேறெந்த ரிவால்வரிலும் விலையைச் சரித்துவிடும் இந்தப் பொருந்தாமையும், வெட்டிய குழலும், மறுபூச்சும் ஒருங்கே அமைந்து, கைப்பிடியில் ரினால்டோ கார் என்னும் சோதனையாளரின் முத்திரை பிற்கால ஆய்வுக்குச் சாட்சியாக நின்றால், அவர் தாளை மடித்து வைத்துவிட்டு அதை உண்மையானது என்று ஏற்கிறார். கோல்ட் தொழிற்சாலையில் புதுப்பித்த அந்தப் பெருந்தொகுதியைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒன்றில் ஐந்து எண்களும் ஒன்றாக இருந்துவிட்டால்தான், அவர் உருப்பெருக்கியை மறுபடியும் கையில் எடுத்து, ஒவ்வோர் இலக்கத்தின் அடிப்பகுதியையும் விளக்கொளியில் சாய்த்துப் பார்க்கத் தொடங்குகிறார்.